பூச்சி பொட்டு: கேசுவாலிட்டியில் என் முதல் இரவும் ஒரு வயிற்றுவலியும்

விடிகாலை 4.40 மணி. 38 வயது விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரை லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நடந்தேதான் உள்ளே வந்தார். கூடவே அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும். இரண்டு மணி நேரமாக வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி, தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். 6.40 மணிக்கு அவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டி வந்தது. இடையில் இருந்த இரண்டு மணி நேரத்தில் முதல் 35 நிமிடத்தை வீணாக்கியது நான்.

அந்த இரவைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். நோயாளியை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அது 2019 ஐப்பசி. காவிரி டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனை. நாலரை வருடப் படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்தேன். கேசுவாலிட்டியில் 15 நாள் போஸ்டிங். என் முதல் நாள் உண்மையில் முதல் இரவு: இரவு 8 மணிக்கு ஏறினால் காலை 8 மணிக்கு இறங்கலாம். நள்ளிரவுக்குள் இரண்டு பைக் விபத்து, மூச்சுத் திணறலோடு ஒரு பாட்டி, காய்ச்சலில் வலிப்பு வந்த ஒரு குழந்தை, மண்டை உடைந்து வந்த இரண்டு பேர். ஊசிக்கு நரம்பு தேடுவது, தையல் போடுவது, ரத்தத்தை லேபுக்குக் கொடுத்து அனுப்புவது, ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவது என்று ஓடிக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர், உயிருக்கு ஆபத்தானவர்களை வைக்கும் ரெட் சோனில் ஒரு மாரடைப்பு கேஸோடு இருந்தார். "வயிற்றுவலிதானே, நீயே பாரு. ஏதாவதுன்னா கூப்பிடு" என்றார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் கூப்பிடத் தெரியாதவள் நான்தான்.

முதல் 35 நிமிடம்

நாடித்துடிப்பு 104. பி.பி. 150/90. ஆக்சிஜன் 98. சர்க்கரை சரியாக இருந்தது. வயிறு மிருதுவாக இருந்தது. தொப்புளைச் சுற்றி அழுத்தினால் லேசாக முகம் சுளித்தார். நெஞ்சுவலியை வயிற்றுவலி என்று சொல்பவர்கள் உண்டு என்பதால் இ.சி.ஜி. எடுத்தேன். நார்மல். அல்சர்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். பான்டாப்ரசோல் ஊசியும் வலிக்கு ஒரு ஊசியும் எழுதி அவ்வளவு அவசரமில்லாதவர்களுக்கான மஞ்சள் சோனில் படுக்க வைத்தேன்.

முடிவு கட்டிய பிறகு கண்ணில் பட்டது எல்லாம் அந்த முடிவுக்கே சாட்சி சொன்னது. அவர் பேச்சு கொஞ்சம் குழறியது. இமைகள் பாதி மூடியிருந்தன. விடிய விடிய தூங்காதவர், அதனால்தான் என்று நினைத்தேன். வாயோரம் வழிந்த எச்சிலை மனைவி சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். வாந்தி எடுத்தவர்தானே என்று அதையும் தாண்டிப் போனேன். அதோடாவது நின்றிருக்கலாம். "அக்கா, ராத்திரி குடிச்சாரா?" என்று கேட்டேன். "அந்தப் பழக்கமே அவருக்கு இல்லம்மா" என்றார். நம்பாமல்தான் அதைக் குறித்துக்கொண்டேன். கூலி வேலை செய்யும் ஒருவர் விடிகாலையில் குழறிப் பேசினால் முதலில் எனக்குத் தோன்றியது அதுதான். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் அந்த அக்கா சொன்னார். சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

"ஒரு மணி வாக்குல திடுக்குன்னு எழுந்தாரு டாக்டரம்மா. காதுகிட்ட என்னமோ ஊர்ந்த மாதிரி இருந்துச்சுன்னாரு. பூச்சி பொட்டு எதாச்சும் கடிச்சிருக்குமோன்னு லைட்டப் போட்டுப் பாத்தேன், ஒண்ணுங் காணோம். திரும்பப் படுத்துட்டாரு."

நான் சென்னையில் மூன்றாவது மாடி வீட்டில் வளர்ந்தவள். பூச்சி என்றால் எனக்கு எறும்பு, கரப்பான், மிஞ்சிப்போனால் பூரான். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் எழுத வேண்டியது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தேன். பூச்சி, ‘இன்செக்ட்’ ஆனது. இன்செக்ட் கடித்ததற்கும் வயிற்றுவலிக்கும் என்ன சம்பந்தம்? எழுதாமல் விட்டேன்.

சிஸ்டர் சொன்னது

5.15க்கு ஊசி போடப் போன சிஸ்டர் போடாமல் திரும்பி வந்தார். 20 வருடத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர். சொந்த ஊர் அந்தப் பக்கத்துக் கிராமம்தான்.

"டாக்டர், அந்த அக்கா பூச்சின்னு சொன்னாங்களே, நீங்க எழுதலையா?"

"எறும்பு மாதிரி ஏதோ சொன்னாங்க சிஸ்டர்..."

"ராத்திரியில யாரும் பாம்புன்னு பேர் சொல்ல மாட்டாங்க டாக்டர். பேர் சொன்னா வந்துடும்பாங்க. பூச்சின்னுதான் சொல்லுவாங்க."

அப்புறம் அந்த அக்காவிடம் திரும்பி, "எங்கம்மா படுத்திருந்தாரு?" என்று கேட்டார். நான் கேட்க வேண்டிய கேள்வி. "தரையிலதான் சிஸ்டர், பாய் போட்டு. கட்டில்ல நெல்லு மூட்டை கெடக்கு." குறுவை அறுப்பில் கூலியாகக் கிடைத்த நெல். மழை ஈரம் தரையில் ஏறும் என்று மூட்டைகளைக் கட்டில் மேல் அடுக்கிவிட்டு, வீட்டில் எல்லாரும் தரையில் படுத்திருக்கிறார்கள்.

ஓடிப்போய் பி.ஜி.யைக் கூட்டி வந்தேன். அவர் செய்த பரிசோதனைக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அண்ணே, தலைய அசைக்காம மேல ஃபேனைப் பாருங்க." அவர் நெற்றி சுருங்கியது. புருவம் உயர்ந்தது. இமை மட்டும் ஏறவே இல்லை. நெற்றித் தசையை இழுத்து இமையைத் தூக்கப் பார்க்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் இப்படிப் போராட மாட்டார். "தலைய மட்டும் தலையணையிலேர்ந்து தூக்குங்க." தூக்க முடியவில்லை. "நல்லா மூச்சை இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க." நல்ல நிலையில் இருப்பவர் 30ஐத் தாண்டி எண்ணுவார். இவர் 14இல் நின்றார். எண்ணும்போது குரல் மூக்கு வழியாக வந்தது.

அதன் பிறகு அவரை ரெட் சோனுக்கு மாற்றினோம்.

டார்ச் அடித்து கடிவாய் தேடினேன். காதுக்குப் பின்னால், கழுத்து, முடிக்குள், விரலிடுக்கு, பாதம். ஒன்றும் இல்லை. வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. "கடிவாய் தேடி நேரத்தைப் போக்காதே. கட்டுவிரியன் பல் ரொம்பச் சின்னது. பல பேருக்குத் தடமே இருக்காது" என்றார் பி.ஜி. காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தோம். உறைந்திருந்தது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் பெரும்பாலும் ரத்தம் உறையாது. நல்ல பாம்பு என்றால் கடித்த இடம் பொதுவாக வீங்கி வலிக்கும். இவர் இரவில் தரையில் தூங்கியிருக்கிறார். கடிவாய் இல்லை. விடிகாலையில் வயிற்றுவலி, அடுத்து இமை இறக்கம், அடுத்து தொண்டை. தமிழ்நாட்டில் இந்த வரிசைக்கு ஒரே பெயர்தான்: கட்டுவிரியன். பாம்பைக் கண்ணால் பார்த்துத்தான் மருந்து போட வேண்டும் என்பதில்லை. விஷத்தின் வேலை உடம்பில் தெரிந்தால் போதும்.

கட்டுவிரியன் கடியில் வயிறு ஏன் அப்படி வலிக்கிறது என்பதற்கு இன்றைக்கும் எல்லோரும் ஒத்துக்கொண்ட விளக்கம் இல்லை. ஆனால் வலிக்கும். விடிகாலை வயிற்றுவலி என்று வந்து, அல்சர் ஊசி போட்டு அனுப்பப்பட்டு, வீட்டில் மூச்சு நின்றுபோனவர்கள் உண்டு என்று பி.ஜி. சொன்னபோது என் கை நடுங்கியது. நான் எழுதியிருந்ததும் அதே ஊசிதான்.

பத்து குப்பி

இந்தியாவில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அதே குப்பி. கேசுவாலிட்டியில் வைத்திருப்பது பெரும்பாலும் உறைய வைத்து உலர்த்திய தூள் வடிவம். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். முதல் தவணை 10 குப்பி.

நான் ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கத் தொடங்கினேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "குலுக்காதீங்க டாக்டர், நுரை வந்துடும். மோர் கடைய மத்து உருட்டுற மாதிரி, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு உருட்டுங்க." நின்றபடியே இரண்டு பேரும் உருட்டினோம். குப்பியின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டியிருந்த தூள் முதலில் அசையவே இல்லை. அப்புறம் ஓரத்தில் கரைந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, கலங்கி, மெல்லத் தெளிந்தது. கண்ணாடி என் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பானது. ஒரு குப்பி தெளிய நிமிடக் கணக்கில் ஆகிறது. பத்து குப்பி. எதிரே அவர் இமைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அவ்வளவு நீளமான நிமிடங்களை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

இந்தத் தூளுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. குதிரைகளுக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளை எடுத்துத்தான் இந்த மருந்து செய்யப்படுகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி நீண்ட காலமாகச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் உள்ளங்கையில் அந்தக் குப்பியின் சூடு திரும்ப வந்தது.

5.50க்கு மருந்து ஏறத் தொடங்கியது. கூடவே, அலர்ஜி வந்தால் போடுவதற்கு அட்ரினலின் அரை மில்லியை சிரிஞ்சில் இழுத்துத் தயாராக வைத்திருந்தோம். அது வீண் முன்னெச்சரிக்கையாகப் போகவில்லை. பதினைந்தாவது நிமிடம் நெஞ்சில் தடிப்புகள் கிளம்பின, உடம்பு தூக்கிப் போட்டது. டிரிப்பை நிறுத்தி, அட்ரினலினைத் தொடையில் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தோம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து அதோடு விட்டுவிடுகிற தப்பும் நடப்பதுண்டு. அலர்ஜியை அடக்கிவிட்டு மருந்தை முடிக்கத்தான் வேண்டும்.

இதற்கிடையே எனக்குக் கொடுத்த ஒரே வேலை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவரை எண்ணச் சொல்வது. 5.25க்கு 14. ஆறு மணிக்கு 9. 6.30க்கு "அஞ்சு" என்பது உதட்டசைவாக மட்டும் வந்தது. இத்தனைக்கும் ஆக்சிஜன் மீட்டர் 96 காட்டிக்கொண்டிருந்தது. இதை இளம் மருத்துவர்கள் மனதில் ஆணி அடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மூச்சுத் தசை தளர்ந்துகொண்டு வருபவருக்கு அந்த எண் கடைசியில்தான் விழும். மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்திருந்தால் இன்னும் தாமதமாக விழும். அது விழுந்த பிறகு டியூப் தேடினால் நேரம் இருக்காது. மயக்கவியல் பி.ஜி. வந்து 6.40க்கு டியூப் போட்டார்.

மருந்து போட்டும் ஏன் மோசமானார்?

அந்த அக்கா கேட்டது இதைத்தான். "ஊசி போட்டப்புறமும் இப்புடி ஆயிட்டாரே?" அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு என்றால் இப்படிச் சொல்வேன்.

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போவது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போவது மாதிரி. நல்ல பாம்பின் விஷம் வயலின் மடையை அடைக்கிறது. வாய்க்காலில் தண்ணீரைக் கூட்டினால் அடைப்பைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் பாயும். நியோஸ்டிக்மின் ஊசி செய்வது அதுதான். கட்டுவிரியன் விஷத்தின் முக்கியமான பகுதி வாய்க்கால் கரையையே உடைக்கிறது. நரம்பு முனை சிதைந்துபோகிறது. அங்கே தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை. இவருக்கும் நியோஸ்டிக்மின் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள், மாற்றம் தெரியவில்லை. விஷமுறிவு மருந்து, ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடிக்கும். நரம்பு முனைக்குள் போய் வேலையை முடித்துவிட்ட விஷத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உடைந்த கரையை உடம்பே கட்ட வேண்டும். அதற்கு நாள்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரைக்கும் அவருக்காக வென்டிலேட்டர் மூச்சு விட வேண்டும். அதனால்தான் முதல் மணி நேரத்தில் போடுகிற மருந்துக்கும் மூன்றாவது மணி நேரத்தில் போடுகிற மருந்துக்கும் அவ்வளவு வித்தியாசம் வரலாம். என் 35 நிமிடத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதும் அதனால்தான். ஒரு மணிக்குக் கடி, 4.40க்கு வருகை என்றால் அவர்கள் ஏற்கெனவே நேரம் இழந்துதான் வந்திருந்தார்கள். அதில் நானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

1963இல் தைவானில் சாங், லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள கட்டுவிரியன் இனம் ஒன்றின் விஷத்தைப் பிரித்து ஆல்ஃபா, பீட்டா உள்ளிட்ட நச்சுகளைத் தனித்தனியாகக் காட்டினார்கள். பிற்காலத்தில் தசையில் கட்டளையை வாங்கும் அந்த மடையை, அதாவது ஏற்பியை, அறிவியலாளர்கள் பிரித்தெடுக்க முடிந்ததே ஆல்ஃபா நச்சு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால்தான். நாங்கள் முதல் வருடத்தில் மனப்பாடம் செய்த நரம்பு-தசைப் பாடத்தின் ஒரு பகுதி இந்தப் பாம்பிடமிருந்து வந்தது. பாடம் எனக்குத் தெரியும். பாம்பின் ஊர்ப் பெயர்தான் தெரியாது.

லிஃப்டில்

டியூப் போட்ட பிறகு ஐ.எம்.சி.யு.வுக்கு, அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை என்னிடம் கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே, ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து. சிஸ்டர் வாசல் வரை வந்தார். "பேசிக்கிட்டே போங்க டாக்டர். அவருக்குக் காது கேக்கும்" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. கண் மூடி, கை கால் அசையாமல் கிடக்கும் ஒருவர் மயக்கத்தில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டுவிரியன் விஷம் மூளையைத் தொடுவதில்லை. டியூப் போடக் கொடுத்த மயக்க மருந்து தெளிந்துவிட்டால் உள்ளே அவர் முழு நினைவோடு இருப்பார். அசைய முடியாது, கண்ணைத் திறக்க முடியாது, கத்தவும் முடியாது.

லிஃப்டில் நான் பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "அண்ணே, பயப்படாதீங்க. மூச்சு நாங்க குடுக்குறோம். இது கொஞ்ச நாளைக்குத்தான். அக்கா பின்னாடியே வர்றாங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். லிஃப்ட் ஆபரேட்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

ஐ.எம்.சி.யு.வில் இரண்டாவது தவணை 10 குப்பி போனது. அன்று சாயங்காலம் அவர் கண் பாப்பாக்கள் விரிந்துபோய், வெளிச்சம் அடித்தாலும் சுருங்கவில்லை. கண்ணுக்குள் இருக்கும் சின்னத் தசைகளையும் விஷம் முடக்கும் என்பதால் இப்படி ஆகும். ஆனால் வரலாறு தெரியாத ஒருவர் பார்த்தால், எந்த அசைவும் இல்லை, பாப்பாவும் விரிந்திருக்கிறது, மூளை போய்விட்டது என்றே நினைப்பார். வேறு டியூட்டியிலிருந்து வந்த ஒருவர் படுக்கைக்கு அருகிலேயே அப்படிச் சொல்லவும் செய்தார். பி.ஜி. அவரை வெளியே கூட்டிப்போய் விளக்கினார். அப்புறம் கேஸ் ஷீட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்: ‘நோயாளிக்கு நினைவு உண்டு. காது கேட்கும்.’ தூங்க வைக்கும் மருந்தும் ஓடுகிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் சரிபார்க்கச் சொன்னார். நான் பார்த்த மருத்துவக் குறிப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒட்டுத்தாள்தான்.

மூன்றாவது நாள் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அக்காதான் முதலில் பார்த்தார். ஏழாவது நாள் டியூப் எடுத்தார்கள். பன்னிரண்டாவது நாள் வீட்டுக்குப் போனார்.

எழுதாமல் விட்ட வார்த்தை

இந்த கேஸை வகுப்பில் வைத்துப் பேசியபோது எல்லோரும் இமை இறக்கத்தைக் கவனிக்காததைத்தான் பெரிய தப்பாகச் சொன்னார்கள். தப்புதான். ஆனால் எனக்கு அதைவிட ஆழமாக உறுத்துவது வேறு. அந்த அக்கா வந்த ஐந்தாவது நிமிடமே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். எந்த நேரம், உடம்பில் எந்த இடம், என்ன கடித்திருக்கலாம் என்ற சந்தேகம் வரைக்கும் சொன்னார். ஒரு பேராசிரியர்கூட அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அவர் தமிழுக்கும் என் பேனாவுக்கும் நடுவில் அது தொலைந்தது.

நாங்கள் நோய்களை ஆங்கிலத்தில் படிக்கிறோம். நோயாளிகள் தமிழில் நோகிறார்கள். "உள்ளுக்குள்ள கரிக்குது", "படபடங்குது", "சுருக்கு சுருக்குன்னு குத்துது" என்று அவர்கள் கொண்டுவரும் வார்த்தைக்குள் அவர்கள் ஊர், வீடு, படுத்த இடம் எல்லாம் இருக்கின்றன. ஒற்றை ஆங்கிலச் சொல்லில் அதை மடித்து வைக்கும்போது முக்கியமானதே வெளியே விழுந்துவிடுகிறது. அந்த வாரத்திலிருந்து நோயாளி சொல்லும் முதல் வாக்கியத்தை அவர் வாயில் வந்தபடியே, தமிழிலேயே கேஸ் ஷீட்டின் மேல் எழுதுகிறேன். ஒரு சீனியர் இது என்ன பழக்கம் என்று கேட்டார். காரணம் சொன்னேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வருடத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முன்னுரிமையோடு சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பாம்புக்கடி என்று யாராவது எழுதினால்தானே கணக்கில் வரும்? கடிவாய் இல்லாமல், பாம்பு என்ற சொல்லே இல்லாமல், வயிற்றுவலி என்று வந்து நிற்பவரை எழுதுவது அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன். வயிற்றுவலியோ, தொண்டை அடைப்போ, திடீரென்று குழறும் பேச்சோ, விடிகாலையில் வருகிற யாரிடமும் ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேளுங்கள் என்றுதான் எனக்குப் பின்னால் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் ரிவ்யூவுக்கு வந்தார்கள். நான் அப்போது வேறு வார்டில் இருந்தேன். தேடிக் கண்டுபிடித்து வந்தார்கள். அவர் குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. "லிஃப்டுல பேசுனது நீங்கதானே?" என்று கேட்டார். குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், குடித்தீர்களா என்று கேட்டதற்கும் சேர்த்து. அவர் கையை அசைத்து அதை விட்டுவிடச் சொன்னார்.

என்ன பாம்பு என்று கடைசிவரை யார் கண்ணிலும் படவில்லை. "காணாக்கடிதான் டாக்டரம்மா" என்றார் அக்கா. அந்தச் சொல்லையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். கண்ணில் படாமல் கடித்துவிட்டுப் போனதற்குத் தமிழில் ஒரு சொல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கோட்டுப் பையில் இருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். அப்புறம் கேட்டேன்: "இப்ப எங்க படுக்குறாரு அக்கா?"

"நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, மூட்டையெல்லாம் அதுல ஏத்தியாச்சு. கட்டில்ல அவரு. கொசுவலையும் வாங்கிப் போட்டிருக்கேன்."